தை மாதக் கல்யாணமும் மொய்ப் பணத்துக்கான வரியும்

திருச்சி
18-11-2025

அன்புள்ள சண்முகம்,

பத்திரிகை வந்து சேர்ந்தது. தையில் கதிரவனுக்குக் கல்யாணம், மறுநாளே அதே மண்டபத்தில் பேத்திக்குக் காதுகுத்து என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல். மொய்ப் பணத்துக்கு வரி உண்டா என்று நீ கேட்டிருப்பது நல்ல நேரத்தில் கேட்ட கேள்வி. இரண்டு விசேஷத்துக்கும் ஒரே மொய் நோட்டுப் போட இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. இரண்டு நோட்டு வாங்கு. ஏனென்றால் கல்யாண மொய்யையும் காதுகுத்து மொய்யையும் வருமானவரிச் சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது.

கல்யாணத்தில் மணமக்களுக்கு வருகிற பணம், நகை எதற்கும் வரி இல்லை. யார் கொடுத்தாலும் சரி, எவ்வளவு கொடுத்தாலும் சரி. ஆனால் இந்த விலக்கு யாருக்குத் திருமணமோ அவருக்கு மட்டும்தான். மகள் கல்யாணத்தில் தனக்கு வந்த அன்பளிப்புக்கு விலக்குக் கேட்ட ஒரு தகப்பனாருக்கு, பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் அதைத் தர மறுத்திருக்கிறது. நம் ஊர் வழக்கத்தில் மொய் நோட்டின் தலைப்பில் அப்பா பெயர்தான் இருக்கும், பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். இந்த முறை தலைப்பில் கதிரவன் பெயரை எழுதச் சொல், பணத்தை அவன் கணக்கிலேயே கட்டு. மொய்யைத் திருப்பிச் செய்யப்போகிறவன் நீதான் என்பது எனக்குத் தெரியும். பிறகு அவன் உன் கணக்குக்கு மாற்றித் தரட்டும். மகன் அப்பாவுக்குத் தருகிற பணத்துக்கு வரி கிடையாது.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் வைக்கிற மொய் விருந்து, இவை எதற்கும் அந்தத் திருமண விலக்கு இல்லை. இவற்றுக்கு 56 ஆம் பிரிவின் பொது விதிதான். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்த பணம் மொத்தம் 50,000 ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. அதைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். கூடுதலாக வந்த தொகைக்கு மட்டும்தான் வரி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. 49,000 வந்தால் ஒன்றுமில்லை, 51,000 வந்தால் 51,000-மும் கணக்கில் சேரும்.

இதில் யார் உறவினர் என்பதுதான் பெரிய சங்கதி. கணவன், மனைவி, உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், அப்பா அம்மாவின் உடன்பிறந்தோர், இருவர் பக்கத்திலும் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற நேர் மேல்வழி, பிள்ளை, பேரப்பிள்ளை என்ற நேர் கீழ்வழி, பிறகு இவர்கள் எல்லோரின் வாழ்க்கைத் துணை. அவ்வளவுதான். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா உள்ளே வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வரமாட்டார்கள். சம்பந்தி வரமாட்டார். தாய்மாமன் அக்கா மகனுக்குக் கொடுத்தால் உறவு, அதே அக்கா மகன் தாய்மாமனுக்குக் கொடுத்தால் உறவில்லை. வாங்குகிறவர் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும், கொடுக்கிறவர் பக்கமிருந்து அல்ல.

ஆகவே காதுகுத்து நோட்டில் உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கு. உன் தம்பி எழுதுகிற மொய், உன் மகளுக்குச் சித்தப்பா தந்தது, வரி இல்லை. அதையே மாப்பிள்ளை பெயரில் எழுதினால் மனைவியின் சித்தப்பா தந்ததாகிவிடும், அவர் மாப்பிள்ளைக்குச் சட்டப்படி உறவினர் இல்லை. அவரவர் வழியில் வந்தவர்களை அவரவர் பக்கத்தில் எழுதினால் 50,000 வரம்பும் இருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். கதிரவன் கொண்டுவரும் தாய்மாமன் சீர் யார் பெயரில் எழுதினாலும் விலக்குதான். குழந்தை பெயரில் எழுதி ஒதுக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. வரிக்குரிய தொகையாக இருந்தால் அது பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில்தான் சேரும்.

பொருளாக வந்தால்? நகை, தங்கக்கட்டி, பங்குப்பத்திரம், ஓவியம் போன்றவை மதிப்புக்கேற்பக் கணக்கில் வரும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கைபேசி, பைக் வராது.

இன்னொரு விதி வரி விலக்கு உள்ள பணத்தையும் பிடிக்கும். ஒருவரிடமிருந்து ஒரே நிகழ்ச்சிக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, 269எஸ்டி பிரிவு. நிச்சயத்துக்கு ஒரு லட்சம், முகூர்த்தத்துக்கு ஒரு லட்சம் என்று பிரித்தாலும் ஒரே கல்யாணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. சொந்த அண்ணன் கொடுத்தாலும் இதே கதைதான். பெரிய தொகை தருகிறவர்களிடம் காசோலையோ வங்கி மாற்றமோ கேள். கூடவே பெயர், முகவரி, பான் எண், உறவுமுறை, தொகை, தேதி எழுதி ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வை. அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம்.

சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்துவிடும். ஆறு மாதம் கழித்துக் கேள்வி வரும்போது நோட்டில் ‘ரா.மு., குளித்தலை, 5,000’ என்று இருந்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். முழுப்பெயர், ஊர், கைபேசி எண் மூன்றும் வேண்டும். விசேஷம் முடிந்த ஒரு வாரத்துக்குள் பணத்தைக் கட்டிவிடு. பத்திரிகை, மண்டப ரசீது, மொய் நோட்டு மூன்றையும் ஒரே உறையில் போட்டு வை. வழி சொல்ல முடியாத பணம் என்று முடிவாகிவிட்டால் 115பிபிஇ பிரிவில் 60 விழுக்காடு வரி, அதன்மேல் 25 விழுக்காடு கூடுதல் வரி, அதன்மேல் 4 விழுக்காடு செஸ், ஆக 78 விழுக்காடு போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். மாப்பிள்ளையின் வரிக்குரிய வருமானம் 7 லட்சம், அவர் பக்கத்தில் உறவல்லாதார் மொய் 3,30,000 என்று வைத்துக்கொள். இதர வருமானமாகச் சேர்த்துக் காட்டினால் 10,30,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். மறைத்து மாட்டினால் 2,57,400 ரூபாய். எனக்கு வருத்தம் தருவதே இதுதான். வரியே கட்ட வேண்டாதவர்கள்கூட பயத்தில் மறைக்கிறார்கள்.

உன் இளையவனின் ஓட்டல் டிப்ஸ் பற்றி. 2016-இல், ஓட்டல்கள் நடத்தும் ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வாடிக்கையாளர் கார்டில் விட்டுச்செல்லும் டிப்ஸை நிர்வாகம் வசூலித்து ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அது சம்பளம் ஆகாது, வரிப் பிடித்தம் தேவையில்லை என்று. வரியே இல்லை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஊழியரின் இதர வருமானம் என்றே அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நிர்வாகம் தருகிற சம்பளச் சான்றான படிவம் 16-இல் இந்தத் தொகை இருக்காது, அவனேதான் சேர்க்க வேண்டும். சம்பளத்துக்குள்ள 75,000 நிலையான கழிவு டிப்ஸுக்குக் கிடையாது. தினமும் வந்ததைக் குறித்துவைக்கட்டும். கியூஆர் கோடில் வருகிற டிப்ஸ் எப்படியும் வங்கிக் கணக்கில் தெரியும்.

உன் தங்கையின் பாட்டு வகுப்புக்கு விஜயதசமியன்று வருகிற தட்டுப் பணத்துக்கு 50,000 வரம்பு பொருந்தாது, முதல் ரூபாயிலிருந்தே தொழில் வருமானம். 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிருஷ்ண மேனன் வழக்கு இதற்கு அடிப்படை. இந்த மேனன் திருவனந்தபுரத்தில் வேதாந்தம் போதித்துவந்தார். லெவி என்ற ஆங்கிலேயச் சீடர் பணம் தந்தார். கட்டணம் கேட்கவில்லை, கைம்மாறு எதிர்பார்க்கவில்லை என்பதெல்லாம் எடுபடவில்லை. போதித்ததால் வந்த பணம், ஆகவே வருமானம். இரண்டு வருடம் கழித்துப் பட்டாணி என்பவரின் வழக்கு. பாவநகர் மகாராஜா தம் முன்னாள் திவானுக்கு 5 லட்சம் கொடுத்தார். அது வேலைக்கான கூலியல்ல, தனிப்பட்ட அன்பில் தந்தது என்று விட்டுவிட்டார்கள். கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்பதில்தான் இரண்டு தீர்ப்பும் பிரிகின்றன.

கடைசியாக நீ சேர்க்கிற பழங்காசுகள். அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைக்கும் ஊரில் இருக்கிறாய், ஆசை வராமல் எப்படி இருக்கும்? ஆனால் வரியைவிட முந்தியது 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்து எடுத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால், என்ன, ஏறக்குறைய எவ்வளவு பெறும், எங்கே, எப்போது என்று எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உரியவர் இல்லை என்று ஆட்சியர் அறிவித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வாங்கி விற்கும் தொழிலுக்கு 1972 சட்டப்படி உரிமம் வேண்டும்.

நீ விலைக்கு வாங்கிச் சேர்த்த காசுகளை விற்றால், தொல்பொருள் சேகரிப்பு சொந்த உபயோகப் பொருள் ஆகாது, மூலதனச் சொத்து. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்தில் 12.5 விழுக்காடு வரி. மேலே சொன்ன 12 லட்சத் தள்ளுபடி இந்த வரிக்குப் பொருந்தாது. வாங்கிய ரசீதுகள் இல்லாவிட்டால் ஆதாயத்தைக் கணக்கிடவே முடியாது, ஆகவே ஒவ்வொரு காசின் உறையிலும் தேதியும் விலையும் எழுதி வை.

2026 ஏப்ரல் முதல் 2025 ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறும். தை விசேஷங்கள் இந்த நிதியாண்டிலேயே வருவதால் 1961 சட்டந்தான் உனக்கு. மொய் எழுத யாரை உட்கார வைக்கிறாய்? நோட்டில் என்னென்ன கட்டம் போட வேண்டும் என்று அவருக்கு ஒரு மாதிரித் தாள் அனுப்புகிறேன், மார்கழி முடிவதற்குள் காட்டிவிடு.

அன்புடன்,
வேலாயுதம்