புதன்கிழமை டொக்டர்

அன்புள்ள மகளுக்கு,

கிறிஸ்மஸ் அன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததற்கு அப்பாவுக்குக் கோபமா என்று வட்ஸ்அப்பில் இரண்டு தரம் கேட்டிருந்தாய். கோபம் இல்லை பிள்ளை. நான் எழும்பி மேலே போனதற்குக் காரணம் வேறு. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அந்தச் சத்தத்துக்குள் ஒன்றும் ஒழுங்காக வாயில் வரவில்லை. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன், நீ ஆறுதலாக இருந்து வாசி.

காலத்துக்குள் பயணம் செய்கிற வேற்றுக் கிரகத்து டொக்டராக ஆள் மாறி ஆள் நடிக்கிற பிபிசி டிவித் தொடர் "டொக்டர் ஹூ"வில், டொக்டராக நடித்தவர்களிலேயே மோசம் சில்வெஸ்டர் மக்கோய்தான், அவருடைய காலத்தில்தானே நிகழ்ச்சியே நின்றுபோனது என்று சொன்னாய். தம்பி மட் ஸ்மித்துக்காகக் கத்தினான். அம்மா வழமைபோல எக்கிள்ஸ்டன் என்றார். உனக்கு டேவிட் டெனன்ட்தான், அது பன்னிரண்டு வயதிலிருந்தே தெரிந்த விஷயம். எங்கள் வீட்டில் இந்தச் சண்டை இருபது வருஷமாக நடக்கிறது, எனக்கு அது பிடிக்கும். ஆனால் மக்கோயைப் பற்றி நீ சொன்னதற்கு மட்டும் நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் நின்றுபோன கதை. அதை அவர் தலையில் போடுவது நியாயமே இல்லை. அவர் வருவதற்கு முன்பே, 1985இல், பிபிசி நிர்வாகம் நிகழ்ச்சியைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைத்தது. அவருக்கு முன்னிருந்த கொலின் பேக்கரை வேலையை விட்டே அனுப்பினார்கள். 1987இல் மக்கோய் வந்தபோது நிகழ்ச்சியைக் கொண்டுபோய் மற்றச் சானலில் "கொரனேஷன் ஸ்ட்ரீட்" என்ற குடும்பத் தொடர் ஓடுகிற அதே நேரத்தில் போட்டார்கள். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் பாதி வீடுகளில் அந்த நேரத்துக்கு வேறு சானல் போடவே விடமாட்டார்கள். 1989இல் ஒரு கதையின் முதல் பகுதியை 31 லட்சம் பேர்தான் பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் 1979இல், அப்போது டொக்டராக இருந்த டொம் பேக்கரின் ஒரு பகுதியை 1 கோடியே 60 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த நேரம் மற்றச் சானல் வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? டொம் பேக்கர் ஏழு வருஷம், 172 பகுதிகள் நடித்தார். மக்கோய்க்குக் கிடைத்தது மூன்று வருஷம், 42 பகுதிகள். இந்தக் கணக்கை வைத்து இரண்டு பேரையும் தராசில் போடக் கூடாது.

அவருடைய முதல் வருஷம் சரியில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கரண்டிகளைத் தட்டித் தாளம் போடுவதும் விழுந்து எழும்புவதுமாக இருந்தது. ஆனால் நான் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

1988 ஒக்டோபர் 5, புதன்கிழமை. நான் லண்டன் வந்து ஒன்றரை வருஷம். ஆல்பர்டனில் ஒரு வீட்டில் ஆறு பெடியங்கள் சேர்ந்து இருந்தோம், ஒரு டிவி. எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, ஒன்பது மணிக்குப் போனால் காணும். ஏழு முப்பத்தைந்துக்கு மற்றவர்கள் எல்லாரும் வேலையில், டிவி எனக்குத்தான். ஆங்கிலம் பழக வேண்டும் என்று எதையாவது போடுவேன். அன்றைக்குப் போட்டதும், குடையும் தொப்பியுமாக உயரம் குறைந்த ஒரு மனிதர் பேசிக்கொண்டிருந்தார், அவர் பேசியது எனக்கு விளங்கியது! அவர் ஸ்கொட்லாந்துக்காரர், "ர"வை எங்களைப் போல நாக்கை உருட்டிச் சொல்வார். வேலைத்தலத்தில் மனேஜர் பேசுவது பாதிதான் விளங்கும், வேற்றுக் கிரகத்து மனிதர் பேசுவது முழுவதும் விளங்கியது. முடிவில் டொக்டரின் எதிரியான டாலெக், உலோகக் கூட்டுக்குள் இருக்கிற பிராணி, ஒன்று படிக்கட்டில் மிதந்து ஏறி வந்தது. டாலெக்குக்குப் படி ஏறத் தெரியாது என்று ஒரு நாடே வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் எனக்குத் தெரியாது. நான் உண்மையாகவே பயந்துபோனேன்.

அந்தக் கதை நடப்பது 1963 நவம்பரில், நிகழ்ச்சி முதல் முதல் ஒளிபரப்பான அதே மாதம். டொக்டரோடு வருகிற ஏஸ் என்ற பிள்ளை ஒரு வீட்டில் தங்குகிறாள். ஜன்னலில் ஒரு அட்டை இருக்கிறது, நிறமுள்ளவர்களுக்கு இடமில்லை என்று. அவள் அதைக் காண்கிறாள், முகம் மாறுகிறது, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. பிள்ளை, நான் அந்த வருஷம் அறை தேடி அலைந்தவன். 88இல் அட்டை எல்லாம் இல்லை. போனில் கேட்டால் அறை இருக்கிறது, வந்து பாருங்கள் என்பார்கள். போய் மணி அடித்தால், முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார் என்பார்கள். நாலு வீட்டில் அப்படி நடந்தது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை, ஊருக்கு எழுதிய கடிதத்திலும் எழுதவில்லை. டிவியில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அந்த அட்டையைப் பார்த்து முகம் சுளித்தபோது, எனக்காக ஒருவர் கோபப்பட்டதுபோல இருந்தது.

அதே கதையில் இன்னொரு இடம். இரவு நேரம், ஒரு தேநீர்க் கடையில் டொக்டர் தனியே இருக்கிறார். பெரிய முடிவு ஒன்று எடுக்க வேண்டும், தயங்குகிறார். கடையில் வேலை செய்கிற ஜமெய்க்காக்காரரோடு சீனியைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்த மனிதரின் தகப்பன் கரும்பு வெட்டியவர். ஆட்கள் சீனியைத் தேடாமல் இருந்திருந்தால் தன் பாட்டன் பூட்டன் விற்கப்பட்டிருக்கவே மாட்டார்கள், தான் ஆபிரிக்காவில் இருந்திருப்பேன் என்கிறார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை, ஓட்டமும் இல்லை, இரண்டு பேர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மக்கோய் அந்த இடத்தில் ஒன்றுமே செய்யமாட்டார், கேட்டுக்கொண்டிருப்பார். அப்படிக் கேட்கிற முகம் வேறு எந்த டொக்டருக்கும் இல்லை என்பதில் நான் இன்றைக்கும் உறுதி. டெனன்ட் அந்த இடத்தில் இருந்திருந்தால் பேசியிருப்பார்.

இனி உன் ஆளுக்கு வருகிறேன். "ஹியூமன் நேச்சர்" நினைவிருக்கிறதா? 2007இல் வந்தது. டொக்டர் தன்னை மறந்து 1913இல் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக, சாதாரண மனிதராக வாழ்கிறார், ஒரு பெண்ணை விரும்புகிறார், பிறகு அந்த வாழ்க்கையையே விட்டுக்கொடுத்துத் திரும்பவும் டொக்டராக வேண்டியிருக்கிறது. நீ தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாய், டெனன்டைத் தவிர யாராலும் இப்படி நடிக்க முடியாது என்றாய். அந்தக் கதை முதலில் ஏழாவது டொக்டருக்கு, அதாவது மக்கோய்க்கு, எழுதப்பட்டது பிள்ளை. 1995இல் போல் கோர்னெல் நாவலாக எழுதினார். நிகழ்ச்சி டிவியில் இல்லாத அந்த வருஷங்களில் மக்கோயின் டொக்டரை வைத்து நாவல்கள் வந்துகொண்டிருந்தன, நான் நூலகத்தில் எடுத்து வாசிப்பேன். 2005இல் நிகழ்ச்சிக்குத் திரும்ப உயிர் கொடுத்த ரஸ்ஸல் டி. டேவிஸும் அந்த வரிசையில் ஒரு நாவல் எழுதியவர்தான். சாதாரண வீட்டுப் பிள்ளை ஒருத்தி டொக்டரோடு வருவதும், அவளுடைய வீடும் தாயும் கதைக்குள் வருவதும் 2005இல் டொக்டரோடு வந்த ரோஸிலிருந்து தொடங்கியது என்று நீ நினைக்கிறாய். ஏஸ் பெரிவேல்காரி. நான் இருந்த ஆல்பர்டனுக்குப் பக்கத்து ஊர். 1989இல் கடைசிக் கதையை அங்கேதான் எடுத்தார்கள், நான் பஸ்ஸில் போகிற தெருக்கள் டிவியில் வந்தன. உனக்கும் இப்போது அப்படித்தானே, 2005இல் லண்டன் என்று காட்டிய தெருக்கள் பல நீ நடந்து வேலைக்குப் போகிற கார்டிஃப் தெருக்கள்.

இப்படி எழுதுவதால் டெனன்டை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஒரு விஷயத்தில் நான் பிழை விட்டிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் உண்மையில் இந்தக் கடிதம்.

2010 ஜனவரி முதலாம் தேதி இரவு. டெனன்டின் கடைசி நாள். உனக்குப் பதினாறு வயது. தனக்குப் போக விருப்பமில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் போனார். நீ விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாய், நான் பக்கத்தில் இருந்துகொண்டு, "இது டொக்டர் பேசுகிற பேச்சா, இத்தனை பேர் வாய் திறக்காமல் போகவில்லையா?" என்று கேட்டேன். நீ எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாய். அன்றைக்கு நான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். 1966இல் முதல் டொக்டராக நடித்த ஹார்ட்னெல் வருத்தக்காரராகிப் போனதால்தானே ஆளை மாற்றுகிற இந்த ஏற்பாடே வந்தது, அந்த மனிதர் அழுதுகொண்டு போகவில்லையே என்று.

இந்தக் கிறிஸ்மஸ் இரவு மேலே போய்ப் படுத்துக்கொண்டு அதைத் திரும்பப் பார்த்தேன். எனக்கு வந்த நினைவு வேறு. 1987இல் நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட விடியக்காலை, அப்பம்மா படலையடியில் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சித்தப்பாவோடு வந்துவிட்டேன். போக விருப்பமில்லை அம்மா என்று சொல்ல வேண்டும் என்று தொண்டை வரை வந்தது, சொன்னால் அவர் விடமாட்டார், நானும் போகமாட்டேன், அதனால் சொல்லவில்லை. பிறகு அவரை நான் நேரில் காணவே இல்லை. அந்த வார்த்தையை ஒரு மனிதர் டிவியில் வெளியே சொல்லிவிட்டார், அதுதான் எனக்கு அன்றைக்கு அவ்வளவு பிடிக்காமல் போயிருக்க வேண்டும். அவர் சொன்னது சரி பிள்ளை. உன்னை அப்படிக் கேட்டது பிழை.

அம்மாவின் காரணம் உனக்குத் தெரியும்தானே? அவருக்கு எக்கிள்ஸ்டன் ஒரே வருஷம், 13 பகுதிகள் போதும். வேற்றுக் கிரகத்து ஆள் என்றால் ஏன் வடக்கு இங்கிலாந்துக்காரன்போலப் பேசுகிறாய் என்று ரோஸ் கேட்க, நிறையக் கிரகங்களில் வடக்கு இருக்கிறது என்று அவர் சொன்னார். அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! வடக்கு என்றால் எங்களுக்கு வேறு என்ன. தம்பிக்கு 2010இல் பத்து வயது, மட் ஸ்மித் வந்தார், அதற்கு மேல் அவனுக்குக் காரணம் தேவையில்லை. நீங்கள் மூன்று பேரும் பிறகு டொக்டராக வந்த ஷூட்டி கட்வாவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் மனக்குறை. 1992இல் கிகாலியில் பிறந்து, ருவாண்டாவில் அந்தப் படுகொலை நடந்தபோது குழந்தையாக ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். அப்படி வந்த ஒரு பிள்ளை டொக்டரின் கலமான டார்டிஸின் கதவைத் திறந்ததைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டே வருஷத்தில் போய்விட்டார், அவருக்கு இன்னும் நல்ல கதைகள் கிடைத்திருக்க வேண்டும்.

1996 மே 27 உனக்கு நினைவிருக்க வழியில்லை, மூன்று வயது. ஏழு வருஷத்துக்குப் பிறகு டொக்டர் படமாக வந்தார், நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன், நீ நித்திரையாகிவிட்டாய். மக்கோய் கதவைத் திறந்து வெளியே வந்ததும் சுடப்படுகிறார், ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு இருதயம் என்று தெரியாமல் அறுவைச் சிகிச்சை செய்து, அதிலேயே முடிந்துபோகிறார். மேசையில் கிடந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லப் பார்க்கிறார், யாரும் கேட்கவில்லை. உன்னை எழுப்பிவிடுவேனோ என்று அசையாமல் இருந்தேன். அதனால்தான் 2022 ஒக்டோபரில் அவர் 79 வயதில் திரும்ப வந்து ஏஸோடு பேசியபோது, நீ கார்டிஃபிலிருந்து "அப்பா, உங்கட ஆள் வந்திட்டார்" என்று அனுப்பினாயே, அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

அடுத்த மாதம் 14ஆம் தேதி சனிக்கிழமை நாங்கள் வருகிறோம். அம்மா பருத்தித்துறை வடை சுடுவதாகச் சொல்கிறார், உனக்கு வேறு என்ன வேண்டும் என்று அவருக்கே சொல்லு. அன்று இரவு முதலில் உன் "ஹியூமன் நேச்சர்" இரண்டு பகுதியையும் போடு, நான் இடையில் ஒன்றும் கதைக்கமாட்டேன். அதற்குப் பிறகு 88ஆம் ஆண்டுக் கதை நாலு பகுதி. ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம்தான். தேநீர்க் கடைக் காட்சி வரும்போது மட்டும் போனைக் கீழே வைத்துவிடு.

அன்புடன்,
அப்பா