எலைசாவுக்குப் பாடியவர் மார்னி நிக்சன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் பழைய ஹாலிவுட் இசைப்படங்களைப் பற்றி வெளியான கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால், 1964-இல் வந்த ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்ன் “பாடி நடித்தார்” என்று அதில் எழுதியிருப்பது பிழை. அவருடைய சொந்தக் குரல் அப்படத்தில் ஆங்காங்கே சிறிதளவு எஞ்சியிருக்கிறதே தவிர, அவர் ஏற்ற எலைசா என்ற பாத்திரத்தின் பாட்டுக்குரல் ஏறத்தாழ முழுவதும் பாடகி மார்னி நிக்சனுடையது. படத்தின் பெயர்ப்பட்டியலிலேயே அவர் பெயர் இடம்பெறாதபோது, கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

1930-இல் கலிபோர்னியாவின் ஆல்டடீனாவில் பிறந்த நிக்சன், சிறுமியாக இருந்தபோதே வயலின் கற்றவர். இசைக்குறிப்பைக் கையில் கொடுத்தவுடன் பிசகின்றிப் பாடக்கூடியவர். ஸ்டுடியோக்களுக்கு வேண்டியதும் அந்தத் திறமைதான். 1949-இல் ‘தி சீக்ரெட் கார்டன்’ படத்தில் மார்கரெட் ஓ’பிரையனுக்குப் பாடினார். 1953-இல் ‘ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்’ படத்தில் வரும் மர்லின் மன்றோவின் புகழ்பெற்ற வைரப் பாட்டில், மன்றோவின் குரலுக்கு எட்டாத உச்ச ஸ்வரங்களை மட்டும் பாடிக்கொடுத்தார்.

1956-இல் வெளியான ‘தி கிங் அண்ட் ஐ’யில் டெபரா கெர்ருடன் அவர் சேர்ந்து உழைத்த விதம் தனியாகச் சொல்லத்தக்கது. பேச்சும் பாட்டும் கலந்து வரும் இடங்களில் கெர் பேசி நிறுத்த, அந்த மூச்சின் தொடர்ச்சியாகவே நிக்சன் பாட்டை எடுத்துக்கொண்டார். எங்கே ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குகிறார் என்று இன்றும் எளிதில் பிரித்தறிய முடியாது. இதை வெளியே சொன்னால் இனி வாய்ப்பே கிடைக்காது என்று அவரை எச்சரித்திருந்தார்கள். கடைசியில் அந்த இரகசியத்தை ஒரு பேட்டியில் பெருந்தன்மையுடன் வெளியிட்டவர் கெர்தான்.

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் (1961) நிலைமை வேறு. நடாலி உட் தம்முடைய குரலே படத்தில் இருக்கும் என்று நம்பி, தாம் பாடிய பதிவுக்கே வாயசைத்து நடித்து முடித்தார். பிறகு அந்த வாயசைவுக்குப் பொருந்துமாறு நிக்சன் பாட வேண்டியதாயிற்று. நம் ஊரில் பாட்டைப் பதிவுசெய்துவிட்டு நடிப்பதே வழக்கம் என்பதால், இதன் கடினம் நமக்கு உடனே விளங்காது. போதாததற்கு, ஐவர் பாடும் பகுதி ஒன்றில் அனிதா என்ற மற்றொரு பாத்திரத்தின் வரிகளையும் அவரே பாடினார். இசைத்தட்டு வருவாயில் பங்கு கேட்டபோது தயாரிப்பாளர்கள் மறுத்தனர். இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தமக்கு வரும் உரிமைத்தொகையிலிருந்து கால் சதவீதத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

இவரை வெறும் இரவல் குரல் என்று எண்ணிவிடக் கூடாது. தேர்ந்த பாடகர்களே தயங்கும், ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆன்டன் வெபர்னின் பாடல்களை, 1950-களில் இசை நடத்துநர் ராபர்ட் கிராஃப்ட் நடத்திய ஒலிப்பதிவில் பாடியவர் இவர். 1965-இல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் சிஸ்டர் சோஃபியாவாகத் திரையில் தோன்றியபோதுதான் அந்தக் குரலுக்குரிய முகத்தை இரசிகர்கள் பார்த்தார்கள். மேடையில் எலைசாவாகப் புகழ்பெற்றும் திரைப்பட வாய்ப்பை ஹெப்பர்னிடம் இழந்த ஜூலி ஆண்ட்ரூஸ்தான் அதில் கதாநாயகி என்பது வேடிக்கையான பொருத்தம். பின்னாளில் நிக்சன் சியாட்டிலில் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். 1998-இல் ‘முலான்’ படத்துப் பாட்டிக்கும் பாடினார். 2016 ஜூலையில் நியூயார்க்கில் காலமானார்.

நம் நாட்டிலும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. 1949-இல் வந்த ‘மகல்’ படத்தின் இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரான ‘காமினி’ என்றே அச்சிட்டிருந்தார்கள். பின்னணிப் பாடகர்கள் அந்த நிலையைக் கடந்துவிட்டார்கள். கோரஸ் பாடுகிறவர்களும் முதன்மைப் பாடகருக்கு மாதிரியாக டிராக் பாடிக் கொடுக்கிறவர்களும் பெரும்பாலும் இன்னும் கடக்கவில்லை. அவர்களைப் பற்றியும் தங்கள் நாளிதழ் ஒரு கட்டுரை வெளியிடலாம்.

இப்போதைக்கு, அடுத்த ஞாயிறு இணைப்பில் மார்னி நிக்சன் பெயரைக் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி