டேட்டா சென்டர் வந்தால் ஊருக்கு என்ன வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டுக்கு வரும் டேட்டா சென்டர்களை, அதாவது இணையத் தகவல்களைச் சேமித்து வைக்கும் பெரிய கம்ப்யூட்டர் கூடங்களைப் பற்றிய உங்கள் செய்தியில் முதலீடு, வேலைவாய்ப்பு எல்லாம் இருந்தன. உள்ளாட்சிக்கு என்ன வரி கிடைக்கும் என்பது மட்டும் இல்லை. பேரூராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கண் அங்கேதான் போகும். இப்போது மகள் வீட்டில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் லவுடன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி, வரி போடும் உள்ளாட்சி) இருக்கிறேன். உலகிலேயே டேட்டா சென்டர்கள் அதிகம் குவிந்த இடம் என்று பெயரெடுத்தது இந்தப் பகுதி. அதனால் இங்குள்ள கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1990இல் இந்தக் கவுண்டியில் சுமார் 86,000 பேர். 2020 கணக்கெடுப்பில் 4,20,000ஐத் தாண்டிவிட்டது. வாஷிங்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், இங்குள்ள டலஸ் (Dulles) விமான நிலையத்தை ஒட்டி வந்த கம்பெனிக்காரர்கள் என்று குடியேறி, கிழக்குப் பக்கத்துப் பண்ணை நிலமெல்லாம் வரிசை வீடுகளாகிவிட்டது. 2022 நவம்பரில் மெட்ரோ ரயிலும் இந்தக் கவுண்டியின் ஆஷ்பர்ன் வரை வந்தது. சரி, ஆள் கூடினால் செலவும் கூடுமே. பள்ளிக்கூடம் கட்டி மாளவில்லை. பட்ஜெட்டில் பெரும் பங்கு அதற்கே போகிறது.

பழக்கதோஷம், மகளின் வீட்டு வரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 2012 வாக்கில் நூறு டாலர் மதிப்புக்கு ஒன்றே கால் டாலரை ஒட்டி இருந்த விகிதம் 2025இல் 80.5 சென்ட். வரி விகிதம் இப்படி இறங்கி என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. (வீட்டின் மதிப்பை ஏற்றிவிட்டார்களே என்று மகள் முணுமுணுக்கிறாள், அது வேறு.) முக்கியக் காரணம் டேட்டா சென்டர்தான். இங்கே கட்டடத்துக்கு மட்டுமல்ல, உள்ளே ஓடும் கம்ப்யூட்டர்களுக்கும் ஆண்டுதோறும் கவுண்டி வரி போடுகிறது: நூறு டாலர் மதிப்புக்கு நான்கு டாலருக்கு மேல். மெஷின் வாங்கும்போது மாநிலம் விற்பனை வரியை விட்டுக்கொடுத்தாலும் இந்தப் பணம் உள்ளூருக்கு வந்துவிடுகிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் ஆண்டில் வாங்கிய விலையில் பாதிக்குத்தான் வரி. பிறகு ஆண்டுக்கு அந்த விலையில் பத்து சதவீதம் குறைந்துகொண்டே வரும். கம்பெனிகள் புது மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போட்டால் பட்ஜெட்டில் துண்டு விழும். ஒரே வரி இனத்தை நம்பி வருவாய்க் கணக்குப் போடுவது எந்த ஊரிலும் ஆபத்துதான்.

வேலைவாய்ப்பா? மாலையில் நடக்கப் போகும் வழியில் அப்படியொரு கட்டடம். பேருக்குக்கூட ஜன்னல் கிடையாது. பின்னால் வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள், கூரையிலிருந்து ஓயாத ரீங்காரம். அவ்வளவு பெரிய கட்டடத்தின் முன்னால் நிற்கும் கார்களை நின்று எண்ணிவிடலாம். கட்டும்போது எலக்ட்ரீஷியன்களுக்கு நல்ல வேலை. கட்டி முடித்தால் காவலாளிகளும் சில டெக்னீஷியன்களும். இரைச்சல், உயர் அழுத்த மின்கம்பி என்று மக்களும் சண்டை போட்டார்கள். 2025 மார்ச்சில் கவுண்டி சபை விதியை மாற்றி, இனி புதிய டேட்டா சென்டருக்குச் சபையில் வைத்துத்தான் அனுமதி என்று ஆக்கிவிட்டது.

நம் ஊரில் சொத்துவரி கட்டடத்துக்குத்தான். உள்ளே கோடிக்கணக்கில் இருக்கும் மெஷினுக்கு ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ ஆண்டு வரி எதுவும் இல்லை. ஆகவே அடுத்த முறை ‘இத்தனை கோடி முதலீடு’ என்று செய்தி போடும்போது, அந்த ஊர் உள்ளாட்சிக்கு ஆண்டுக்கு எவ்வளவு வரும், மின்சாரத்திலும் நிலத்திலும் என்ன சலுகை கொடுத்தார்கள் என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பில் கலெக்டர்
(முகாம்: ஆஷ்பர்ன், வர்ஜீனியா)