காலிபரின் எடையைக் கழிக்கச் சொல்

அன்புள்ள வாயாடிக்கு,

நான்கு பக்கம் எழுதிவிட்டு, "மூன்று மாதம்" என்ற செய்தியைக் கடைசி வரியில் ஒளித்து வைக்கிற ஆள் நீ ஒருத்திதான். படித்துவிட்டுக் கத்தினேன், பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், பத்து நாளாகிவிட்டது, திட்டாதே.

முதலில் உன் சம்பள விஷயம், ஏனென்றால் அதில் நாள் கடத்தக் கூடாது. ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு சம்பளம் 23,000 ஆகிவிட்டது, 21,000ஐத் தாண்டியதால் இந்த அரையாண்டு முடிந்ததும் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயிலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஆபீசில் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். நீயும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். அடியே, 21,000 மற்றவர்களுக்கு. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வரம்பு 25,000. உன் ஆபீசில் சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு இது தெரியாமலிருக்கலாம், நம்மைப் போல ஒருவர் அவர் கைக்கு வந்திருக்கவே மாட்டார். இஎஸ்ஐ பதிவில் உன்னை மாற்றுத்திறனாளி என்று குறித்திருக்கிறார்களா என்று முதலில் பார். இல்லையென்றால் உன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதுதான் யுடிஐடி அட்டை, அதன் நகலோடு ஒரு கடிதம் கொடு. வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கு. நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரே பாடம் அதுதான்.

இஎஸ்ஐயில் நீடித்தால் பேறுகாலத்துக்கு 26 வாரம் முழு சராசரி ஊதியம் கிடைக்கும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது இரண்டு அரையாண்டுகளில், 70 நாள் பங்களிப்பு இருந்தால் போதும், நீ நான்கு வருடமாகக் கட்டுகிறாய், அது பிரச்சினையே இல்லை. கர்ப்பத்தால் வரும் உடல்நலக் கோளாறுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் இன்னொரு மாதமும் உண்டு. எட்டாம் மாதத்தில் ஊன்றுகோலோடு படியேறும்போது அந்த ஒரு மாதத்தின் அருமை உனக்குப் புரியும்.

தனியார் காப்பீடு எடுக்கலாமா என்று கேட்டாய். ஏஜெண்ட் ஒருவர் "எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்கிறாராம். இந்தப் பிரசவத்துக்கு ஆகாது. தனிநபர் பாலிசிகளில் பேறுகாலத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வருடம், இன்று எடுத்து ஆறு மாதத்தில் பிள்ளை பெற்றால் ஒரு பைசா வராது. கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்பு இருக்காது, ஆனால் பிரசவத்துக்கென்று தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள், பில்லில் பாதிகூட அதில் அடங்காது. உன் வீட்டுக்காரர் கம்பெனியில் அப்படி இருக்கிறதா என்று கேள். பிறந்த குழந்தையை முதல் நாளிலிருந்தே சேர்ப்பார்களா என்பதையும் கேள், எல்லோரும் மறக்கிற கேள்வி அது.

கல்யாணத்துக்கு முன் நானும் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் மனு போட்டேனே, நினைவிருக்கிறதா? படிவத்தில் "உடல் குறைபாடு உண்டா" என்ற இடத்தில் போலியோ என்று எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது, ஏற்க இயலவில்லை என்று. ஒன்றரை வயதில் வந்து போன காய்ச்சலுக்கும் முப்பது வயதில் வரப்போகும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வரியில் இல்லை. இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. கை கால் செயலிழந்த ஒருவருக்குக் காப்பீடு மறுக்கப்பட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது, அதன் பிறகு 2023 பிப்ரவரியில் காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ, மாற்றுத்திறனாளிகளுக்கென்று எல்லா பொதுக் காப்பீட்டு, உடல்நலக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பும் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம்தான். எனவே எடு, ஆனால் உனக்காக எடு, இந்தப் பிரசவத்துக்காக எடுக்காதே. படிவத்தில் எதையும் மறைக்காதே.

உன் தெருவில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிற, காது கேளாத அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். அவளுக்கு இஎஸ்ஐ இல்லை, சரி. ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவித் திட்டம் இருக்கிறது, 18,000 ரூபாய், அதில் 14,000 பணம், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தையும் இங்கே அதோடு இணைத்தே கொடுக்கிறார்கள். அவளை உடனே நர்சம்மாவிடம் அழைத்துப் போ, 12 வாரத்துக்குள் பதிவு செய்து, பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். வருமானச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்களாமே? மாத்ரு வந்தனாவின் தகுதிப் பட்டியலில் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனமுள்ள பெண் என்பதே தனித் தகுதி. யுடிஐடி அட்டையை எடுத்து மேசையில் வைக்கச் சொல். வங்கிக் கணக்கு அவள் பேரிலேயே இருக்கட்டும், ஆதாரோடு இணைந்திருக்கட்டும், மாமியார் கணக்கு எதற்கும் உதவாது.

எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான திட்டத்தில் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. மாத்ரு வந்தனாவில் முதல் பிள்ளைக்கு 5,000. எல்லோருக்கும் 5,000, அந்தத் தையல்காரிக்கும் 5,000. அந்தக் கூடுதல் 1,250 எங்கே? நான் பிச்சை கேட்கவில்லை. நமக்கு அதிகம் செலவாகிறது என்று கண்டுகொண்டுதானே அந்த வரியை எழுதினார்கள்?

ஆமாம், செலவு. அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்பட எல்லாம் இலவசம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பில் அங்கேயா இருந்தது? ஆறாம் மாதம் தொடை வீங்கி, நான் காலில் மாட்டி நடக்கிற சட்டமான காலிபரின் மேல் பட்டை இறங்கவில்லை, வெட்டி அகலப்படுத்தினோம். பிள்ளை பிறந்த பிறகு அது தொளதொளத்துப் போனது, மறுபடி தைத்தோம். பஸ் ஏற முடியாததால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆட்டோ. குளியலறையில் பிடிகம்பி. கூட வருவதற்காக அம்மா வேலைக்குப் போகாமல் இழந்த கூலி. இவற்றில் எது எந்தப் பாலிசியில் வரும், சொல்?

எடை போட்ட கதையை உனக்குச் சொன்னேனா? நான்காம் மாதம், பிடிப்பே இல்லாத ஒரு எடை மெஷின். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார், "பிடிக்காதீங்க, எடை தப்பா வரும்" என்று நர்ஸ் சத்தம் போட்டார். எப்படியோ நின்றேன், காலிபரோடு 54 கிலோ, அட்டையில் எழுதினார்கள். அடுத்த மாதம் வேறொருவர். காலிபரைக் கழற்றச் சொல்லி, சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வைத்துப் பார்த்தார், 52.6. உடனே அட்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறதே, சாப்பிடுவதே இல்லையா, பிள்ளை வளரவில்லையா என்று பிடித்துக்கொண்டார். ஸ்கேன் எழுதினார். அம்மா வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து காலிபரை ஒரு தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தோம், ஷூவோடு சேர்த்து 1,900 கிராம். அப்படியென்றால் முந்தைய மாதம் என் எடை 52.1, நான் அரைக் கிலோ ஏறியிருக்கிறேன்! அடுத்த முறை "காலிபர் 1.9 கிலோ" என்று அட்டையின் மேலேயே எழுத வைத்தேன். உன் காலிபர்களையும் இப்போதே எடை போட்டு வைத்துக்கொள், உனக்கு இரண்டு கால்.

இன்னொன்று. இரண்டாம் மாதம் நான் போனபோது டாக்டர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "இவங்களுக்கு இது தேவையா, கலைச்சுடலாமே" என்றார். நான் அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று வாயடைத்துப் போய் வந்துவிட்டேன். உன்னிடம் யாராவது அப்படிச் சொன்னால் அமைதியாகச் சொல்: என் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. தீவிர ஊனம் இருந்து, மருத்துவரின் கருத்தும் பாதுகாவலரின் சம்மதமும் உள்ள சூழ்நிலைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, நீ அதில் வரமாட்டாய். வரிசையில் முன்னுரிமை கேட்கவும் கூச்சப்படாதே, அதற்கு அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு.

என் பணம் வந்துவிட்டது, அப்புறம் சொல்ல மறந்துவிடுவேன். மத்திய அரசு ஊழியரான மாற்றுத்திறனாளித் தாய்க்குக் குழந்தை வளர்ப்புச் சிறப்புப் படி, 2017இல் மாதம் 3,000 ஆக்கினார்கள், 2024 ஜனவரியிலிருந்து 3,750. எங்கள் பிரிவு கிளார்க் அப்படி ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை, சுற்றறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தபிறகும் ஐந்து மாதம் இழுத்தார். நிலுவையோடு வந்தது. ஆனால் பிள்ளைக்கு இரண்டு வயது ஆனதும் நின்றுவிடும். பிள்ளை ஓட ஆரம்பிக்கும்போது துரத்த முடியாத அம்மாவுக்குத்தான் ஆள் தேவை அதிகம் என்று அந்த விதியை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

குட்டிக்கு ஒன்றரை வயது. என் முட்டியில் இருக்கும் லாக்கை அவனே போடுகிறான். நான் எழுந்து நின்றதும் ஓடி வந்து இரண்டு கையாலும் அழுத்துவான், "டக்" என்று சத்தம் வந்தால்தான் நகர விடுவான். வராவிட்டால் மறுபடி.

ஆபீசில் கடிதம் கொடுத்ததும் அந்தக் கையெழுத்துப் பிரதியைப் படம் எடுத்து அனுப்பு. அந்தப் பெண்ணின் பிக்மி எண் கிடைத்ததா என்றும் எழுது.

உன்
அறைத்தோழி