தூணில் கோடு போட்ட அண்ணனுக்கு

அண்ணா, அந்த மூன்று நாளும் கூடவே நின்ற எல்லாருக்கும்,

கடைசி கன்டெய்னரும் நேற்றிரவு கப்பலேறிவிட்டது. நாங்கள் போட்ட கணக்கில் அடுக்கிய பேலட்டுகள் (பெட்டிகளை அடுக்கித் தூக்கும் மரத்தட்டுகள்) கன்டெய்னர் கதவில் நுழையாமல் நின்றது உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம். லாஜிஸ்டிக்ஸ் பொறியாளர்களாகச் சேர்ந்து சில மாதமே ஆன நாங்கள் மனசு நிறைந்து எழுதுகிறோம்.

முதல் நன்றி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனுக்கு. எங்கள் எக்செல் கணக்கில் கூட்டல் பிழை ஒன்றும் இல்லை. 25 செ.மீ. உயர அட்டைப்பெட்டி 4 அடுக்கு, பேலட் மரம் 14.4, ஆக 114.4 செ.மீ. அப்படி இரண்டு பேலட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 228.8. சாதாரண 40 அடி கன்டெய்னரின் உள் உயரம் சுமார் 239 என்பதால் பத்து செ.மீ. மிச்சம் காட்டியது. ஆனால் சரக்கு நுழைவது கதவு வழியாக. கதவின் மேல்விட்டம் கூரையைவிடத் தாழ்ந்திருக்கும், அங்கே கிடைப்பது சுமார் 228 தான். போதாததற்கு, பேலட்டைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கினால்தான் வண்டி நகரும். கன்டெய்னருக்குள் வண்டி ஏறப் போடும் டாக் பலகையின் சரிவில் ஏறும்போது சரக்கின் தலை இன்னும் மேலே எழும். ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் அடுக்கலாம் என்றால், மாஸ்ட் (வண்டியின் முன்னால் நிற்கும் தூக்குக் கம்பம்) உயராமல், பேலட்டைத் தாங்கும் முள் மட்டும் உயரும் வண்டி வேண்டும், இல்லாவிட்டால் மாஸ்ட் கூரையில் இடிக்கும். கதவோரக் கடைசி வரிசைக்கு அந்த வண்டியும் பயன்படாது.

அண்ணன் யாரையும் திட்டவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்து, சரக்கு ஏற்றும் இடமான லோடிங் பேயின் தூணில் 220 செ.மீ. உயரத்தில் கோடு இழுத்தார். "இதுக்கு மேல போனா உள்ள போகாது தம்பி. மேல் பேலட்டுல ஒரு அடுக்கு எறக்கிருங்க." கீழே 4, மேலே 3. மொத்தம் 203.8. எட்டில் ஒரு பங்கு சரக்கு குறைந்தது, ஆனால் எதுவும் கதவில் நிற்கவில்லை. மேல் பேலட் லேசானதால் கீழ்ப்பெட்டிகளும் நசுங்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: சிஸ்டத்தில் இருக்கும் அளவை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஸ்ட்ரெச் ஃபிலிம் (இழுத்துச் சுற்றும் பிளாஸ்டிக் தாள்) சுற்றி முடித்த பேலட்டின் மேல் நேரான சட்டம் ஒன்றை வைத்து, நான்கு மூலையிலும் தரைவரை டேப்பில் அளந்து, பெரிய எண்ணை எழுதுங்கள். பெட்டி பேலட் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் குறியுங்கள். அட்டைப்பெட்டி பாரம் தாங்குவது பெரும்பாலும் அதன் மூலைகளில்தான், மூலை அந்தரத்தில் நின்றால் அடுக்கு சரியும்.

சிஸ்டத்தில் இருந்த எடை பெட்டிக்கா, உள்ளே இருக்கும் ஒரு பொருளுக்கா என்று நள்ளிரவில் பிரித்துக் காட்டிய ஸ்டோர்ஸ் அக்கா, கன்டெய்னரின் வெற்று எடையைக் கதவில் பார்த்துச் சொன்ன செக்யூரிட்டி ஐயா, மொத்த எடைச் சான்றைத் துறைமுகம் கேட்ட நேரத்துக்குள் அனுப்பிய ஷிப்பிங் நண்பர்கள், அடுக்கு இறக்கி மறுபடி சுற்றிய லோடிங் ஆட்கள், உங்களுக்கும் எங்கள் நன்றி.

அண்ணா, அந்தக் கோடு கை பட்டு அழிந்துகொண்டிருந்தது. இன்று காலை பெயிண்டில் போட்டுவிட்டோம். உயரம் கூடின ஹை க்யூப் கன்டெய்னருக்கு 250 செ.மீ.-இல் இன்னொரு கோடும் போட்டிருக்கிறோம். ஷிஃப்டுக்கு வரும்போது ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.