பேய்க்கு முன்னம் பங்கரை எழுது

யாழ்ப்பாணம்

அன்பு மச்சான்,

நீ அனுப்பின பேய்க்கதை நாவலின்ர முதல் பாதி வாசிச்சு முடிச்சன். இஞ்ச எல்லாரும் சுகம். மாரி பிடிச்சிட்டுது, கோப்பாய் வயலெல்லாம் வெள்ளம். உன்ர கதைக்கும் இந்த மாரிதான் வேணும். ஏன் சித்திரை வெயிலில வைச்சனீ?

வளவுக்குள்ள மூடிக்கிடக்கிற பங்கர், குண்டுக்கு ஒளிக்கத் தோண்டின அந்தப் பதுங்குகுழிதான் கதையின்ர உயிர். அதை ஒரு பந்தியில கடந்து போறாய். பனங்குத்தி அடுக்கி, மேல மண்மூட்டை போட்ட பங்கர். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க, சனத்தோட சனமாய் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் 1996இல திரும்பி வருது. ஆமியின்ர சோதனைக்குப் பயந்து தாய் குத்தியைக் கழட்டாமலே மண்ணைத் தள்ளி மூடுறா. பனைக்கு வெளிப்பக்கம்தான் வைரம், நடு மெதுமை. ஈரமும் கறையானும் சேர்ந்தால், பார்வைக்கு முழுசாய்த் தெரியிற குத்தி உள்ளுக்குக் கோறையாய்ப் போயிருக்கும். கார்த்திகை மழை விடாமல் பெய்ய, மேல்மண் தண்ணியைக் குடிச்சுப் பாரமாகும். ஒரு இரவு குத்தி முறியும். ‘தொம்’ எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். விடியப் பார்த்தால் முல்லைப் பந்தலடியில ‘ட’னா வடிவில நிலம் தாழ்ந்து கிடக்கும். இது இருந்தால் நீ எழுதின வெள்ளைச்சீலைப் பொம்பிளைப் பேய் தேவையில்லை.

பேய் அமுக்கிற இடத்தில தாய் கத்திக்கொண்டு எழும்பி ஓடுறா. அப்பிடி ஓடேலாது. கனவு காணுற நித்திரையில தசையள் பூட்டுப்பட்டுக் கிடக்கும். அதுக்குள்ள மூளை முழிச்சால் கண் மட்டும் அசையும், குரல் வராது. சில விநாடி, கூடினால் ஒண்டிரண்டு நிமிசம். நெஞ்சில பாரம், வாசலில ஆரோ நிக்கிற உணர்வு. நித்திரை குழம்பினவைக்கும் மல்லாந்து படுக்கிறவைக்கும் கூட வரும். அதாலை ரெண்டு மூண்டு இரவு அவவை முழிக்க வை, பிறகு மல்லாக்கப் படுக்க விடு. முகத்தைக் காட்டாத.

எனக்குப் பெரிய சண்டை மகனைப் பற்றித்தான். காணாமல் போனவனை நீ பேயாக்கியிருக்கிறாய். பேயாக்கினால் அவன் செத்திட்டான் எண்டு நீயே தீர்ப்பெழுதின மாதிரி. உடம்பு கிடைக்கேல்லை, 31ஆம் நாள் செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியை நடக்கேல்லை, தாய் இண்டைக்கும் கோப்பையில சோறு போட்டு மூடி வைக்கிறா. அவவின்ர கேள்வி வேற: பங்கரை மூடாமல் விட்டிருந்தால் அவன் அதுக்குள்ள ஒளிச்சிருப்பானோ? நிலம் தாழுற இரவு இந்தக் கேள்விதான் வெளியில வரவேணும். பங்கருக்குள்ள எலும்பு வைக்காத, கெஞ்சிக் கேக்கிறன். அடியில பஞ்சு வைச்ச ஜாம் போத்தில் விளக்கொண்டு போதும்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பயன்படுத்து. மரணச் சான்றிதழுக்குப் பதிலாய், ஆளைக் காணேல்லை எண்ட சான்றிதழ் எடுக்கலாம். மருமகள் முதலாவதைக் கேக்கட்டும், தாய் ரெண்டையும் மறுக்கட்டும்.

ஒன்பதாம் அத்தியாயத்தில தாய் மகனுக்காக ஆடி அமாவாசை விரதம் பிடிக்கிறா. அது தகப்பன் இல்லாத பிள்ளையள் பிடிக்கிற விரதமெல்லே? பேரன் பிடிச்சால் தகப்பன் செத்ததாய் ஒப்புக்கொண்ட மாதிரி. மருமகள் சந்தையால அந்த விரதத்துக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காய் வாங்கிக்கொண்டு வந்து குசினியில வைக்கட்டும். சண்டை அங்க தொடங்கும். ஆடியில தொடங்கினதைக் கார்த்திகை மழையில கொண்டுபோய் முடி.

திருத்தின உடன மிச்சத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன்ர மச்சான்