பெய்ரூட்டுக்கு வரைவு அனுப்பும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெய்ரூட்டின் கலைச் சங்கமான அஷ்கால் அல்வானுக்கு, உன் வீடியோ படைப்பைக் காட்ட நீ அனுப்பப்போகிற வரைவைப் படித்தேன். வீடியோ நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதை நிறுவ நீ எழுதியிருக்கும் முறை பெய்ரூட்டில் ஒரு நாள்கூடத் தாங்காது.

முதலில் சங்கத்தின் பெயர். அதன் பொருளை 'வடிவங்கள், நிறங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் பேச்சு அரபியில் அது நாம் 'விதவிதமா' என்கிறோமே, அதுபோல. லெபனான் உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருஷத்தில், 1993-ல், கிறிஸ்டின் தோமே முன்னின்று தொடங்கிய சங்கம். ஆரம்ப காலத்தில் அவர்கள் நகரத்தையே காட்சிக்கூடமாக எடுத்துக்கொண்டார்கள்: 1995-ல் சனாயே பூங்கா, 1997-ல் சியூஃபி பூங்கா, 1999-ல் கடற்கரை கோர்னிஷ், 2000-ல் ஹம்ரா தெரு. அவர்கள் நடத்தும் ஹோம் ஒர்க்ஸ் கலை மாநாடு 2002-ல்தான் வந்தது. கட்டணமில்லாத படிப்புத் திட்டம் 2011-ல். இப்படிப்பட்டவர்களிடம் 'முழுக்க இருட்டாக்கிய வெள்ளை அறை' கேட்கலாம், தப்பில்லை. அது கிடைக்காவிட்டால் படைப்பு எப்படி நிற்கும் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

இனி கரண்ட். அரசு மின்சாரம் நாளில் சில மணி நேரம்தான். மிச்சத்துக்குத் தெரு ஜெனரேட்டர். அதன் சந்தாவை 'இஷ்திராக்' என்பார்கள், ஆம்பியர் கணக்கில் விற்பார்கள். 5 ஆம்பியர் என்றால் 220 வோல்ட்டில் 1,100 வாட். உன் புரொஜெக்டர் 350, பிளேயர் 20, இரண்டு ஸ்பீக்கர் 100, ஆக 470. தாராளமாகப் போதும். யாராவது அதே லைனில் 1,800 வாட் கெட்டிலைச் செருகும்வரைக்கும்! தனி லைன் வேண்டும் என்று வரைவிலேயே எழுதிவிடு.

அரசு லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும்போது சில நொடி இருட்டு. பல்பு புரொஜெக்டரானால் மின்விசிறி ஓடிச் சூடு தணியும் முன்பே எல்லாம் நின்றுவிடும். அப்படி நாளுக்கு நாலு தடவை நடந்தால் பல்பு சீக்கிரம் போய்விடும். லேசர் புரொஜெக்டரே கேள். கரண்ட் வந்ததும் பல புரொஜெக்டர்கள் தானாக எரியாது, சிவப்பு விளக்கோடு காத்திருக்கும். மெனுவில் 'டைரக்ட் பவர் ஆன்' என்று இருக்கும், அதை ஆன் செய். பிளேயரும் தானாகத் தொடங்கி லூப்பில் ஓடவேண்டும். லேப்டாப்பில் ஓட்டாதே, அப்டேட் கேட்கிற சதுரம் சுவரில் ஆறடிக்குத் தெரியும். புரொஜெக்டருக்கும் பிளேயருக்கும் சேர்த்து 600 வாட் யூபிஎஸ் ஒன்று போட்டால் அந்த நொடிகளைக் கடந்துவிடலாம். ஸ்பீக்கரை அதில் சேர்க்காதே.

சப்டைட்டிலைப் பார்த்ததும் திக்கென்றது. அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கின்றன, முற்றுப்புள்ளி வரியின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. வலமிருந்து இடமாகப் படிப்பவருக்குப் புள்ளி முதலில் வந்துவிடுகிறது! உன் எடிட்டிங் மென்பொருளை, அரபி எழுத்துகளைச் சேர்த்து வலமிருந்து இடமாக ஓட்டும் அமைப்புக்கு நீ மாற்றவில்லை. மாற்றியபின் எண்கள் வரும் வரிகளை மட்டும் தனியாகப் பார், அங்கேதான் வரிசை புரளும். அரபி படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தபிறகு எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடு. சப்டைட்டில் இல்லாத பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பட்ஜெட்டில் டாலருக்கு 1,500 லிரா போட்டிருக்கிறாய். அது 2019 பொருளாதார நெருக்கடிக்கு முந்தைய கணக்கு. 2023-லேயே 89,000-ஐத் தாண்டியாயிற்று. எல்லாவற்றையும் டாலரில் எழுது. கூலியை நோட்டாகத்தான் கேட்பார்கள். 'ஃப்ரெஷ் டாலர்' என்று சொன்னால் கையில் நோட்டாகவோ வெளிநாட்டிலிருந்து புதிதாகவோ வருகிற டாலர், பழைய வங்கிக் கணக்கில் சிக்கிக் கிடக்கிற டாலர் இல்லை.

தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே எடு. 2019 அக்டோபரில் எட்டாவது ஹோம் ஒர்க்ஸ் தொடங்கும் வேளையில் தெருவில் மக்கள் எழுச்சி, நிகழ்ச்சியை நிறுத்திவைத்தார்கள்.

யூபிஎஸ்ஸை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதே, பேட்டரிக்காக ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே வாங்கிக்கொள், அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்.

அன்புடன்,
அம்மா